வழித்துணை இல்லாத ஊர்

"அங்க நான் எப்படி இருக்கேன் மேடம்?" என்று அஞ்சலை கேட்டாள்.

பர்வீனுக்குச் சட்டென்று புரியவில்லை. அஞ்சலையின் மணிக்கட்டில் இருந்த காப்பிலிருந்து விவரங்களைத் தன் டேப்லெட்டில் இறக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கேக்கா?"

"அதான், கம்ப்யூட்டருக்குள்ள என்னைய மாதிரியே ஒருத்திய விட்டிருக்கோம்னு சொன்னீங்கள்ல. சுபாம்மா மாதிரி தொணை யாரும் இல்லாட்டி நான் என்னாவேன்னு பாக்குறதுக்கு. அவ எப்படி இருக்கா?"

"அத நான் சொல்லக் கூடாதுக்கா."

"நல்லா இருக்காளா இல்லையா, அத மட்டும் சொன்னாப் போதும்."

"எனக்கே தெரியாது. வருசம் முடியறப்ப ஒரு நம்பர் வரும். அதத்தான் நாங்க பாப்போம்."

அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

உறையூரில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது அஞ்சலையின் அறை. ஆலை ஓடும்போது தரை லேசாக அதிரும். சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் தன்மேல் கைவைத்த மேஸ்திரியை அவள் பிடித்துத் தள்ளினாள். அவன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்காகப் பதினான்கு வருடம் சிறையில் இருந்துவிட்டு, நன்னடத்தையின் பேரில் முன்கூட்டியே வெளியே வந்திருந்தாள். இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை.

அப்படி விடுதலையாகும் பெண்களுக்கு இரண்டாண்டுக் காலம் ஒரு துணையை ஏற்பாடு செய்து தருவது மறுகரை அறக்கட்டளையின் வேலை. வழித்துணைத் திட்டம் என்று அதற்குப் பெயர். வழித்துணையாக வருகிறவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வக்கீல்கள். ஆதார் வாங்கித் தருவார்கள், வேலைக்குச் சொல்லி வைப்பார்கள், கைப்பேசி பழக்குவார்கள், வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து பேசுவார்கள். இதனாலெல்லாம் உண்மையில் பயன் உண்டா என்று அளந்து சொல்வது பர்வீனின் வேலை.

முன்பெல்லாம் இதை அளக்க ஒரு வழிதான் இருந்தது. பாதிப் பேருக்குத் துணை கொடுத்து, மீதிப் பேரை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கூட்டமும் என்ன ஆகிறது என்று பார்ப்பது. கணக்கு சரியாக வரும். ஆனால் விடப்பட்டவர்களில் ஒருத்தி ரயிலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் கணக்கு எழுதியவருக்குத் தூக்கம் வராது. நிழல் வந்த பிறகு அந்தப் பாவம் ஒழிந்தது. விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கும்போதே கையில் காப்பை மாட்டிவிடுவார்கள். எப்போது தூங்குகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள், யாரிடம் குரல் தாழ்கிறது, எதற்குப் படபடக்கிறது என்று அது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும். பிறகு இயந்திரத்துக்குள் இருக்கும் இன்னொரு திருச்சியில் அவளைப் போலவே ஒருத்தியை இறக்கிவிடுவார்கள். அவளுக்குத்தான் நிழல் என்று பெயர். அந்தத் திருச்சியிலும் வெயில் உண்டு, வாடகை உண்டு, சிறைக்குப் போனவள் என்று தெரிந்ததும் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. வழித்துணை மட்டும் கிடையாது. இங்கே இருப்பவளுக்கும் அங்கே இருப்பவளுக்கும் உள்ள இடைவெளிதான் திட்டத்தின் மதிப்பு.

"போலீஸ் ஒரு காப்பு மாட்டுச்சு, இப்ப நீங்க ஒண்ணு மாட்டுறீங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள். பர்வீன் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தியதில்லை. யாரையும் பட்டினி போட்டுப் பார்க்காமல் பசியை அளக்கும் வழி இது என்று அவளுக்கு இதில் கொஞ்சம் பெருமையே இருந்தது.

படியேறி சுபாஷிணி வந்தாள். அஞ்சலையின் வழித்துணை. முப்பத்தொரு வயது, வங்கியில் வேலை. கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

"அக்கா, ரேஷன் கார்டு மெசேஜ் வந்துச்சா? காட்டுங்க."

அஞ்சலை கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் தயங்கினாள். "சுபாம்மா, செண்பகத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டா?"

சுபாஷிணியின் முகம் வாடியது. "திரும்பவும் அதேதானாக்கா? உள்ள ஒண்ணா இருந்தவங்க வெளிய பாத்துக்கவே கூடாது, பேசக் கூடாது. ரெண்டு காப்பும் பக்கத்துல வந்தா ஆபீஸ்ல மணி அடிக்கும். அத எழுதி மேல அனுப்பினா விடுதலையே ரத்தாயிரும். உங்களுக்காகத்தானே சொல்றேன்."

"பேச வேணாம். அவ சாப்பிடுறாளான்னு மட்டும் பாக்கணும்."

"அவங்களுக்கும் ஒரு வழித்துணை இருக்காங்க. அவங்க பாத்துக்குவாங்க."

அஞ்சலை கொய்யாப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். பழைய சகவாசம் மறுபடி குழியில் தள்ளும் என்பது எல்லா ஊரிலும் சொல்கிற பேச்சு. பர்வீனும் அதை நம்பித்தான் இருந்தாள்.

முதல் வருட முடிவில் எண் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே.

அறக்கட்டளையின் தலைவி சத்தியபாமா அதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கல்லூரியில் சமூகப்பணி கற்பித்த வேலையை விட்டுவிட்டு, இருபது வருடமாகச் சிறை வாசலில் நின்று இந்த அறக்கட்டளையை வளர்த்தவர். திட்டத்தை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோக அரசு சம்மதித்திருந்தது. நிதி கொடுப்பவர்கள் இந்த எண்ணுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"வழித்துணை இல்லாதவங்க, இருக்கறவங்களவிட நல்லா இருக்காங்கன்னு வருது. என்னம்மா அர்த்தம் இதுக்கு?"

"ஒண்ணு நிழல் தப்பா இருக்கணும் மேடம். இல்லன்னா நாம."

"முதல்ல நிழலப் பாரு."

நிழல்களை உருவாக்கித் தந்த சென்னை நிறுவனத்தில் தினகர் என்பவன் இவர்களுடைய பொறுப்பாளன். பர்வீன் அவனைக் காணொளியில் அழைத்தாள். நிழல்களின் வாழ்க்கையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அனுமதிக் கடிதம் போன பிறகு அவன் அந்த ஊரின் வரைபடத்தைத் திரையில் விரித்தான். ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி.

பாலக்கரையில் ஒரே வீட்டின்மேல் ஐந்தாறு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன, ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கு?"

"விழல. ஒண்ணா குடியிருக்காங்க" என்றான் தினகர். "இது அஞ்சலை. பக்கத்துல செண்பகம். மத்தவங்க பின்னாடி வந்து சேந்திருக்காங்க."

"எல்லாரையும் ஒரே ஊர்லயா விட்டிருக்கீங்க?"

"ஆமா. ஆளுக்கு ஒரு திருச்சி கட்டினா செலவு எங்கயோ போயிரும். அதுவுமில்லாம வெளியிலயும் எல்லாரும் ஒரே ஊர்லதானே இருக்காங்க."

"சரி, உள்ள இருந்தவங்க சந்திக்கக் கூடாதுன்னு விதி இருக்கே. அது?"

தினகர் கொஞ்சம் யோசித்தான். "அது வழித்துணைத் திட்டத்தோட விதி. அங்க திட்டமே கிடையாதே. விதி மட்டும் எப்படி இருக்கும்?"

பர்வீன் ஒரு வாரம் அந்த ஊருக்குள்ளேயே கிடந்தாள். அஞ்சலையின் நிழல் விடுதலையானதும் பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்து, சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்து, ஓர் அறை பிடித்திருந்தது. செண்பகம் வெளியே வரும் நாளைக் கேட்டு வைத்திருந்து, சிறை வாசலில் போய் நின்று கூட்டிவந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் கேட்க இனிமையான கதை இல்லை. தண்ணீர்க்குடத்துக்குச் சண்டை. ஒருத்தி இன்னொருத்தியின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள். குடித்துவிட்டு வந்தவளால் வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். ஆனால் செண்பகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் நாட்களில் அஞ்சலை வேலைக்குப் போவதில்லை. "எந்திரி. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் படுத்துக்க" என்று அவள் சொல்வதை இயந்திரம் எழுத்தாகக் காட்டியது. திரும்பத் திரும்ப அந்த ஒரே வரி. அதற்குப் பின் செண்பகத்தின் நிலையைக் காட்டும் கோடு கொஞ்சம் ஏறும்.

பிரசவத்துக்குப் பிறகு மனம் பிசகி, கைக்குழந்தையோடு கிணற்றில் குதித்தவள் செண்பகம். ஊரார் அவளை மட்டும் உயிரோடு தூக்கினார்கள். கொலை வழக்கில் உள்ளே போனாள். அவளுடைய கோப்பில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான். பத்து வருடம் அவளை யார் சாப்பிடவைத்தார்கள் என்று கோப்பில் இல்லை.

பர்வீன் எல்லாவற்றையும் சத்தியபாமாவிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப கணக்கு தப்புதானே" என்றார் முடிவில். "துணை இல்லாதவங்களோட ஒப்பிடறோம்னு நெனச்சோம். அவங்களுக்குத் துணை இருந்திருக்கு. ஒப்பீடே கெட்டுப்போச்சு. ஒவ்வொருத்தியையும் தனித்தனி ஊர்ல விட்டு மறுபடி ஓட்டச் சொல்லு."

"மேடம், அவங்க தனித்தனி ஆளா வெளிய வரல. தனித்தனியா ஆக்கினது நம்ம விதி."

"நான் போட்டதா அந்த விதி? அரசாணைல இருக்கு. அத எடுங்கன்னு நான் போய் நின்னா என்ன கேப்பாங்க தெரியுமா? கொலை பண்ணினவங்கள ஒரே வீட்ல குடிவைக்கச் சொல்றீங்களான்னு கேப்பாங்க. விதி போகாதும்மா. திட்டம்தான் போகும். அப்பறம் அந்த அஞ்சலைக்குச் செண்பகமும் இல்ல, சுபாஷிணியும் இல்ல. அதுவா உனக்கு வேணும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பர்வீனைத் தொந்தரவு செய்தது. நிழல்களைத் தனித்தனியே ஓட்டச் சொல்லி அவளே தினகருக்கு எழுதினாள்.

இரண்டாவது முறை எண் பூஜ்யத்துக்கு மேலே ஏறியது. நன்றாகவே ஏறியது. தனித்தனித் திருச்சிகளில் தனித்தனியாகப் புள்ளிகள் நகர்ந்தன. செண்பகத்தின் ஊரைத் திறந்தபோது மட்டும் வரைபடத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"செண்பகத்தோட புள்ளி எங்க தினகர்?"

"நாலாம் மாசமே நின்னுபோச்சு."

"நின்னுபோச்சுன்னா?"

அவன் திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தான். "இறந்துட்டாங்க. நிழல்தான் பர்வீன். மனசுல வச்சுக்காதீங்க."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு உண்மைச் செண்பகத்தின் காப்பு விவரங்களை எடுத்தாள். தூக்கம், சாப்பாடு, ஒரு நாளில் பேசும் பேச்சு. தனியாக விடப்பட்ட நிழலின் கோடுகளுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள். இரண்டும் ஒரே சரிவு. வழித்துணை வந்துபோவதால் உண்மைச் செண்பகம் அந்தச் சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள். இறங்குகிற இடம் என்னவோ ஒன்றுதான்.

செண்பகத்தின் வழித்துணை ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பர்வீன் போனில் கேட்டபோது அவர் சொன்னார்: "ரொம்ப நல்ல பொண்ணும்மா. ஒரு தொல்லையும் கிடையாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவா."

கோடுகளைக் காட்டியதும் சத்தியபாமா உடனே மனநல மருத்துவருக்குப் போன் செய்தார். அடுத்த வாரம் நேரம் கிடைத்தது. பர்வீன் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனாள்.

ஆவிக்கு நடுவில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அஞ்சலை அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கள்ல. அங்க நீங்க எப்படி இருக்கீங்கன்னு."

"ஆமா."

"அங்க நீங்க செண்பகத்தோட இருக்கீங்க. பாலக்கரையில ஒரு வீட்ல."

அஞ்சலை ஆச்சரியப்படவில்லை. "வேற எங்க இருப்பேன்?" என்றாள். பிறகு பர்வீனின் முகத்தைப் பார்த்தாள். "இதச் சொல்றதுக்கா இம்புட்டு வெயில்ல வந்தீங்க? செண்பகத்துக்கு என்ன?"

பர்வீன் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அஞ்சலை மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"எந்த ஆஸ்டல்?"

"கன்டோன்மென்ட் பக்கம். அக்கா, நீங்க போனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். உள்ள போறதுக்கு எனக்கு வழி தெரியாதா?"

வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி அது. மதிய நேரமாதலால் காலியாக இருந்தது. மாடி அறையில் நான்கு கட்டில்கள். கடைசிக் கட்டிலில் செண்பகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாசலில் நின்றுகொண்ட பர்வீனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். எத்தனையோ முறை படித்தாகிவிட்டது. அந்த வரிக்காகக் காத்திருந்தாள்.

அஞ்சலை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செண்பகத்தின் தலையில் கைவைத்து, விரலை விட்டு முடியைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னடி இது, தலையா தேங்கா நாரா? எண்ணெயக் கண்ணுல பாத்து எத்தன மாசமாச்சு?"

செண்பகம் திரும்பவில்லை. "யக்கா, நீ வரக் கூடாதுல்ல."

"வந்துட்டேன்ல."

"காப்பு கத்துமே."

"கத்தட்டும். நாம கத்துனப்ப யாரு கேட்டா? நீ எந்திரிச்சு உக்காரு, சிக்கெடுக்கணும்."

வெகுநேரம் கழித்துச் செண்பகம் எழுந்து உட்கார்ந்தாள். அஞ்சலை தன் தலையிலிருந்த சீப்பை உருவி அவளுடைய முடியை நுனியிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள். வலித்தபோது செண்பகம் முனகினாள். ஒரு தடவை கையைத் தட்டிவிட்டாள். "மெதுவாத்தான் எடேன்" என்று சிடுசிடுத்தாள். ஒரு நாளில் இத்தனை சொற்கள் பேசி அவளுக்கு எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. இதில் எதையும் இயந்திரம் எழுதியிருக்கவில்லை. பர்வீன் கீழே இறங்கிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய கைப்பேசியில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் சுபாஷிணி பர்வீனின் வீட்டுக்கே வந்துவிட்டாள். வங்கிக்குக் கிளம்பிய கோலம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் எழுதிக் குடுக்கணும் மேடம். எழுதலன்னா வழித்துணைல இருந்து என்னைய எடுத்துருவாங்க. எழுதினா அக்கா உள்ள போயிருவாங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களாமே. ஏன் மேடம்?"

பர்வீன் முதல் கணக்கைப் பற்றிச் சொன்னாள். சுபாஷிணி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் வராம இருந்திருந்தா அஞ்சலையக்கா இன்னும் நல்லா இருந்திருப்பாங்க. அதானே?"

"உங்க தப்பு இல்ல சுபா. அந்த விதியோட தப்பு."

"விதிய அவங்ககிட்ட சொன்னது யாரு? ஒவ்வொரு தடவ அவங்க கேட்டப்பவும் வேணாம்னு சொன்னது யாரு? எந்த ஞாயித்துக்கிழமையும் நான் தவறவிட்டதில்ல. எங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்பக்கூட போனேன்." அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "தப்பு என்னுது இல்லன்னா அந்த நம்பர் யாரோடது மேடம்?"

அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று மாலையே எழுதியும் கொடுத்தாள். எழுதாமல் விட்டால் காப்பே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது வேறு யாராவது இதைவிடக் கடுமையாக எழுதுவார்கள் என்பது அவள் நியாயம்.

ஆனால் அஞ்சலையை யாரும் அழைத்துப் போகவில்லை. செண்பகத்தையும்தான். ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. சத்தியபாமா சுபாஷிணியின் அறிக்கையை மேலே அனுப்பவே இல்லை.

"மறுபடி சிறைக்குப் போறதுதான் கணக்குல ரொம்ப மோசமான முடிவு" என்று அவர் பர்வீனிடம் விளக்கினார். "ரெண்டு பேர் திரும்பிப் போனாங்கன்னா எண் மொத்தமும் சரிஞ்சிரும். இருந்துட்டுப் போகட்டும். நான் கண்ண மூடிக்கறேன். நீ ரெண்டாவது கணக்குல கையெழுத்துப் போடு."

"முதல் கணக்கையும் சேத்துப் போட்டாப் போடறேன் மேடம்."

"அதச் சேத்தா படிக்கறவங்களுக்கு ரெண்டுல எது சரின்னு குழப்பம்தான் வரும்."

"குழப்பம்தான் சரி."

சத்தியபாமா கோபப்படவில்லை. "நீ நல்ல பொண்ணு" என்றார். "உன்ன வச்சு நான் எந்த மாவட்டத்துக்கும் போக முடியாது."

பர்வீன் வேலையை விட்டாள். கையெழுத்தை வேறொருவர் போட்டார். நிதி கொடுப்பவர்களுக்கு அவள் தன் பெயரிலேயே முதல் கணக்கை அனுப்பினாள். படித்தோம், சுவாரசியமாக இருந்தது, அறக்கட்டளையின் கருத்தைக் கேட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு எடுக்கத் தொடங்கினாள்.

அஞ்சலையும் செண்பகமும் எடமலைப்பட்டிபுதூரில் ஒரு வீடு எடுத்தார்கள். செண்பகம் விடுதியிலிருந்து வந்தபோது ஒரு பையும் ஒரு வாளியும்தான் கொண்டுவந்தாள். ஆரம்பத்தில் அவளால் கதவைத் தாண்டி வெளியே வர முடியவில்லை. பிறகு அஞ்சலையோடு சலவைக்கூடத்துக்குப் போனாள். நடுவில் ஒருமுறை மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள், ஒரு வாரம் அப்படிப் போயிற்று, எழுந்தாள். காகிதத்தில் இருவரும் இன்னும் திட்டத்தில்தான் இருந்தார்கள். காப்பும் கையில் இருந்தது.

இறுதி அறிக்கை அச்சாகி வந்தபோது சுபாஷிணி அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். பர்வீனும் அன்று அங்கே இருந்தாள். அறிக்கையை வாங்கிப் புரட்டினாள்.

இரண்டாம் கணக்கைவிட எண் இன்னும் உயர்ந்திருந்தது. ஏறியதில் பெரும்பகுதி இரண்டு பெண்களால் வந்தது. பெயர் இல்லை. ஆனால் யார் என்று தெரிந்தது. தனியாக விடப்பட்ட நிழல் நான்காம் மாதமே இறந்துபோயிருக்க, உண்மைச் செண்பகம் பிழைத்து, வேலைக்குப் போய், சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். திட்டத்தின் மிகப் பெரிய வெற்றி என்று தனியாக ஒரு பத்தியே எழுதியிருந்தார்கள்.

"இது எப்படி மேடம்?" என்றாள் சுபாஷிணி. "இவங்க ரெண்டு பேரும் விதிய மீறினதாலதானே நல்லா இருக்காங்க?"

"திட்டத்துல சேந்தவங்க கடைசிவரைக்கும் திட்டத்தோட கணக்குதான். நடுவுல மீறினாலும், விலகினாலும் சரி. அப்படித்தான் அளக்கணும், இல்லன்னா நல்லா இருக்கறவங்கள மட்டும் பொறுக்கி எடுத்துட்டாங்கன்னு ஆயிரும்." பர்வீன் நிறுத்தினாள். "அந்த முறைய எழுதிக் குடுத்தது நான்தான். நியாயமான முறைதான் அது."

அஞ்சலை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "புரியறாப்ல சொல்லுங்க. நாங்க ஒண்ணா இருக்கதால நல்லா இருக்கோம். அது ஒண்ணா இருக்கக் கூடாதுங்கற சட்டத்துக்குப் பேரு வாங்கிக் குடுத்துருக்கு. அப்படியா?"

"அப்படித்தான்க்கா. அடுத்த மாசத்துல இருந்து எல்லா மாவட்டத்துக்கும் அதே விதி போகுது."

"நாங்க நல்லா இருக்க இருக்க, மத்தவளுகளப் பிரிச்சு வைப்பாங்க."

"ஆமா."

அடுப்படியிலிருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள். மெலிந்த முகம். ஆனால் தலை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. "அதுக்காக நாங்க கெட்டா போக முடியும்?" என்றாள்.

அஞ்சலை வெங்காயத்தை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மரகதம் எப்ப வர்றா?" என்று சுபாஷிணியிடம் கேட்டாள். மரகதம் உள்ளே இவர்களோடு ஒரே கொட்டடியில் இருந்தவள்.

சுபாஷிணி தலை குனிந்தாள். "வியாழக்கிழமை. எனக்குத்தான் குடுத்திருக்காங்க. உங்களால வழித்துணைகள்ல என் மார்க்குதான் அதிகமாம்."

வியாழக்கிழமை காலையில் சிறை வாசலுக்கு எதிரே டீக்கடையில் அஞ்சலையும் செண்பகமும் உட்கார்ந்திருந்தார்கள். பர்வீனும் உடன் இருந்தாள். வாசலுக்கு அருகில் அறக்கட்டளையின் வெள்ளை வேன் நின்றது. சுபாஷிணி அதன் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தாள், பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

சிறிய கதவு திறந்து மரகதம் வெளியே வந்தாள். கையில் ஒரு துணிப்பை, மணிக்கட்டில் புதுக் காப்பு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவள் டீக்கடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகம் மலர்ந்து ஓரடி எடுத்து வைத்தாள். அஞ்சலை லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பேசினால் விதிமீறல், பக்கத்தில் வந்தாலே முதல் நாளிலேயே காப்பு மணி அடிக்கும்.

செண்பகம் எழுந்து சாலையோரம் வரை வந்தாள். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உரக்கப் பேசினாள்.

"ஆமாங்க, கேஸ் சிலிண்டருக்குத்தான். அட்ரஸ் எழுதிக்கங்க. எடமலைப்பட்டிபுதூர். மாரியம்மன் கோயில் தெரு. தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்ல பச்சைக் கேட்டு. என்னது, கேக்கலயா? இருங்க, திரும்பச் சொல்றேன்."

கைப்பேசியின் திரை அணைந்திருந்ததைப் பர்வீன் பார்த்தாள்.

மரகதம் வேனை நோக்கி நடந்தாள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். "அண்ணே, ஒரு நிமிசம் ஆஃப் பண்ணுங்க" என்றாள் சுபாஷிணி. "பையில ஒண்ணு தேடணும்." தோள்பையைத் திறந்து குனிந்து எதையோ துழாவத் தொடங்கினாள். எஞ்சின் சத்தம் நின்றது. செண்பகத்தின் குரல் சாலையைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. எடமலைப்பட்டிபுதூர். மாரியம்மன் கோயில் தெரு. தண்ணித் தொட்டி. பச்சைக் கேட்டு.

சுபாஷிணி எதையும் எடுக்காமலே பையை மூடினாள். வேன் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மரகதம் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் இவர்களைக் கடந்து போகும்போது அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல.